அடங்காத அணுக்களும் ரோஸ்விதாவின் காயிலும்

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரத்தில் தலை வலித்தால் மலைக்காற்றின் மேல் பழி போடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் அணு சொன்ன பேச்சு கேட்கவில்லையென்றால் ரோஸ்விதா மேல் பழி. இது எந்த ஊர் நியாயம், சொல்லுங்கள்!

பதினைந்து வயதில் மின்மாற்றித் தொழிற்சாலையில் செம்புக்கம்பி சுற்றக் கற்றுக்கொண்டவள் அவள். ஆய்வுக்கூடத்துப் பணிமனைக்கு வந்து பத்தொன்பது வருஷம். அங்கே அணுக்களை உறைபனியைவிடப் பல மடங்கு குளிரவைத்து, லேசர் ஒளியால் இருபுறமும் நெருக்கி, ஒரே வரிசையில் நிறுத்துவார்கள். அவை கீழே விழாமல் தாங்குவது அவள் சுற்றிய காந்தக் கம்பிச்சுருள், அவர்கள் பேச்சில் காயில். காயில் இருப்பதோ காற்றே இல்லாத எஃகுக் கலத்துக்குள். உள்ளே துளிக் காற்றும் தங்காதபடி அந்தக் கலத்தைத் தகடு சுற்றி ஏழு வாரம் சூடேற்றி, ஞாயிற்றுக்கிழமைகூட வந்து பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

கொர்பினியான் என்ற இளம் விஞ்ஞானி அந்த வரிசையை இரண்டாகப் பிரித்து மோதவிட்டான். வழக்கமாக நாலு மோதலில் எல்லாம் கலந்து அடங்கிவிட வேண்டும். இவை போய்ப் போய்த் திரும்பி வந்தன, நூறு தடவை மோதியும் அடங்கவில்லை. அவன் என்ன செய்தான்? ஒரு வார்த்தை கேட்காமல், "பணிமனைக் காயில் நடுங்குகிறது, திங்கட்கிழமை கலத்தைத் திறக்கிறோம்" என்று நாற்பது பேருக்கு மின்னஞ்சல் தட்டிவிட்டான்.

மதியம் சூப்பும் ரொட்டி உருண்டையும் தட்டில் ஆறிக்கொண்டிருக்கும்போது அவள் அதைப் படித்தாள். கலத்தைத் திறந்தால் ஏழு வார உழைப்பு போச்சு. அதைவிட, சொத்தைக் காயில் சுற்றினவள் என்று காலத்துக்கும் பேர் ஒட்டிக்கொள்ளும். நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனாள்.

"யாரைக் கேட்டுடா எழுதுன?"

"கோவப்படாதீங்க ரோஸி. அணு அடங்கலைன்னா எங்கிருந்தோ உதறல் வருதுன்னுதானே அர்த்தம்?"

"உனக்குப் புரியாததெல்லாம் என் காயில்ல போய் முடியுதா? ஒத்தையடிப் பாதையில ஒருத்தன் பின்னாடி ஒருத்தனை நிறுத்திட்டு, கலக்கலையே கலக்கலையேன்னா? விலக எடம் எங்க இருக்கு? ரெண்டு பக்கத்து ஒளியையும் கொஞ்சம் தளர்த்து. காயில் நடுங்குனா அணு அப்பவும் அடங்காம ஆடும். அடங்கிட்டா வாயை மூடிக்கோ!"

அவன் சிரித்துக்கொண்டேதான் தளர்த்தினான். திரையில் அணுக்கள் நாலே மோதலில் கலந்து, பெட்டிப்பாம்பாக அடங்கின. மறுபடி நெருக்கினான், மறுபடி பழைய ஆட்டம். மூன்று தடவை மாற்றிப் பார்த்தான். அப்புறம் துரைக்குத் தலைகால் புரியவில்லை, நாற்காலியை உதைத்துக் குதித்தான். கோளாறு இல்லையாம், ஒற்றை வரிசையில் அணு அடங்காது என்பது கண்டுபிடிப்பாம்! உடனே பேராசிரியருக்குப் போன் போட்டு, "நான் கண்டுபிடிச்சிட்டேன்!" என்றான். நானாம், நான்!

"சரி," என்றாள் ரோஸ்விதா. "அந்த நாப்பது பேருக்கும் இப்ப எழுது."

"அட, விடுங்க ரோஸி! கலத்தைத்தான் திறக்கப் போறதில்லையே. வாங்க, கொண்டாடலாம்."

அவள் சுவரோரம் போய்க் காயிலின் மின்சாரத்தை அணைத்தாள். திரை வெறுமையானது. தாங்குவாரில்லாமல் அத்தனை அணுவும் கொட்டிப்போயின.

"ஐயோ! என்ன பண்றீங்க?"

"கெட்ட காயில்தானே? அதை வச்சு உனக்கு என்ன கண்டுபிடிப்பு வேண்டிக்கெடக்கு? எழுதினாத்தான் போடுவேன்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான். காயிலில் குறையில்லை, தவறு என்னுடையது என்று தட்டினான். அவள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"சுத்தினவ பேரையும் போடு."

ரோஸ்விதா என்று அடித்தான். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. எட்டு வருஷமாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் பூட்டிய கலத்தில் ஆய்வு செய்து பட்டம் வாங்கினவன், தலையைத் திருப்பாமலே கேட்டான்:

"ரோஸி... உங்க முழுப் பேர் என்ன?"