வால்வுக்கு வைத்த கிரீஸ்

சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் காத்திருந்தபின், பழைய ஆம்ப்ளிஃபயரின் பெரிய கண்டென்சரில் இரண்டு ஒயர்களை வைத்தான் ஆரோக்கியராஜ். மறுமுனையில் இருந்த பல்பு மின்னி, தேங்கியிருந்த கரண்ட் தீர்ந்து அணைந்தது. இனி உள்ளே கை விடலாம்.

"இன்னாங்க, அது பாடுமா பாடாதா?"

அவன் மனைவி வினோதினி சூட்கேஸில் சேலைகளுக்கு நடுவே கருவாட்டுப் பொட்டலத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். விடிந்தால் மஸ்கட். வயதான ஒரு அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டு வருஷம்.

"சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பாடும்."

"பத்து நாளா இதத்தான் சொல்றீங்க."

மரக்காணம் உப்பளங்களில் முப்பது மோட்டார்கள் அவன் பொறுப்பு. பத்தொன்பது வயதில் தொடங்கிய வேலை. அந்த வயதில்தான் சர்ச் மைக்செட்டில் செருகி எலக்ட்ரிக் கிட்டார் வாசித்தான். பாடகர் குழுவின் இரண்டாவது வரிசையில் வினோதினி நிற்பாள். கல்யாணத்துக்குப் பிறகு சர்ச்சுக்குக் கீபோர்டு வந்தது. வீட்டில் செருக எதுவும் இல்லை. கிட்டார் பீரோ மேல் ஏறியது.

போன மாதம் ஆரோவில்லில் ஒரு வீட்டுக்காரர் ஊரைக் காலிசெய்யும்போது, ஒயரிங் வேலைக்கு வந்த இவனிடம் இந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கொடுத்தார். அதே வாரம் வினோதினிக்கு விசா வந்தது.

"போறதுக்குள்ள ஒருவாட்டி வாசிச்சிக் காட்டுங்க," என்றாள் அப்போது. "அங்க நெனச்சிக்க ஏதாச்சும் வேணும்ல?"

இசைத்தட்டு கேட்பதற்கான பெட்டி அது. கிட்டாரின் சிக்னல் அதற்குப் போதாது. முன்னால் இன்னொரு சின்ன வால்வு, அந்தக் கண்ணாடிக் குழலை, வைத்துப் பெருக்கி அனுப்ப வேண்டும். அதற்கு சாக்கெட் பொருத்தி, சால்டரிங் முடித்தான். கடைசியாக சாக்கெட் முழுக்க கிரீஸ் தடவினான். ஒயர் சேரும் எந்த மோட்டார் டெர்மினலையும் கிரீஸ் இல்லாமல் அவன் மூடியதில்லை, உப்புக்காற்று தின்றுவிடும். கை தானாகச் செய்யும் வேலை.

ஐந்தே முக்காலுக்கு சுவிட்சைப் போட்டான். வால்வுகள் சிவந்தன. அவள் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவன் ஒரு கம்பியைத் தட்டினான். அந்த ஒரு சுரம் முழுதாகக் கேட்டது. பிறகு எண்ணெயில் கடுகு வெடிக்கும் சத்தம். புகை. பிளக்கைப் பிடுங்கினான்.

டார்ச் அடித்துப் பார்த்தான். உப்பளமெல்லாம் சுற்றிய கிரீஸ் டப்பா. கிரீஸில் உப்பு கலந்திருந்தது. நெருக்கமான வால்வு ஊசிகளுக்கு நடுவே அதன் வழியாகக் கரண்ட் பாய்ந்து சாக்கெட் கருகியிருந்தது.

"இன்னா ஆச்சி?"

"கிரீஸ் வெச்சிட்டேன்."

"உப்பள மோட்டாருன்னு நெனச்சிட்டீங்களா?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "பெட்டி வேணாம். சும்மா வாசிங்க."

"கேக்காது, வினோ."

அவள் நகர்ந்து வந்து கிட்டாரின் மரத்தில் காதை வைத்தாள். அவன் வாசித்தான்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வேன் வந்தது. அவள் போனாள். எட்டு மணிக்கு உப்பளத்தில் இரண்டு மோட்டார்களைப் பார்த்தான். மதியம் புது சாக்கெட் பொருத்தினான். கிரீஸ் வைக்கவில்லை. மூன்றரைக்கு ஆம்ப்ளிஃபயர் வேலை செய்தது. போன் போட்டான். ஸ்விட்ச் ஆஃப். விமானம் இரண்டு மணிக்கே கிளம்பியிருந்தது. ஐந்து மணிக்கு மோட்டார்களை நிறுத்த உப்பளத்துக்குப் போனான்.