நோன்பும் துணிக்கையும்

நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. கற்பிட்டிப் பாதையில் இருக்கிற முஸ்லிம் பாடசாலை அது. நான் உடப்பிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். விடுமுறை என்றால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்று என் வீட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் தரம் பத்துக்குப் பாடம் முடிந்தபாடில்லை. காலையில் மேலதிக வகுப்பு வைக்க யார் வருவீர்கள் என்று அதிபர் கேட்டபோது முதல் ஆளாகத் தலையாட்டிவிட்டேன். பிறகு பாலாவிச் சந்தியில் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

நோன்பு மாதத்து வகுப்பில் பிள்ளைகள் கத்துவதில்லை. விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பியதில் கண்கள் சிவந்திருக்கும், உதடுகள் காய்ந்திருக்கும். என் தண்ணீர்ப் போத்தலை நான் கைப்பையை விட்டு வெளியே எடுப்பதே இல்லை. "குடிங்க டீச்சர், எங்களுக்கு ஒண்டுமில்ல" என்று அவர்களாகவே சொல்லுவார்கள். எனக்கு மனம் வராது. இடைவேளையில் அலுவலகத்துக்குப் பின்னால் போய், ஏதோ களவு செய்கிறவள் மாதிரி நாலு மிடறு குடித்துவிட்டு வருவேன்.

அந்த வருடம் அணுவின் அமைப்பைத் தொடங்கியிருந்தேன். தொடங்கிய அன்றைக்கே துணிக்கை என்றால் என்ன என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் கோபம் பள்ளிக்கூடம் முழுக்கப் பிரசித்தம். நோன்பு பிடித்த பிள்ளைகள் என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு புத்தகத்தை மூடினேன். அணுவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அடியிலிருந்து வருவோம் என்றேன். சடப்பொருள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துணிக்கைகளால் ஆனது. திண்மத்தில் அவை நெருக்கியடித்து இருக்கும், திரவத்தில் ஒன்றை ஒன்று வழுக்கிக்கொண்டு போகும், வாயுவில் கட்டவிழ்த்து விட்ட மாடுகள் போல மனம் போன பக்கம் ஓடும். அப்படி ஓடிப் பரவுவதற்குப் பெயர் பரவல்.

பரவலைக் கண்ணால் காட்டக் கொண்டிஸ் உப்பே போதும். தண்ணீரில் ஒரு சின்னப் பரல் போட்டால் ஊதா நிறம் தானாகப் பரவி வரும். ஆனால் ஆய்வுகூட அலுமாரிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் விடுமுறைக்குப் போய்விட்டார். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆள் விடுமுறைக்குப் போனால் சாவியும் கூடப் போய்விடும். அப்படியான நாட்களில் நான் தோடம்பழத் தோலை உரித்து அந்த மணத்தால் காட்டுவேன். நோன்பு பிடித்த பிள்ளைகளுக்கு முன்னால் தோடம்பழம் உரித்தால் அது விஞ்ஞானம் இல்லை, சித்திரவதை. அதனால் புத்தளத்தில் ஒரு சின்னக் குப்பி அத்தர் வாங்கிக்கொண்டு போனேன். பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் பூசுகிறதுதானே, யாருக்கும் குறை வராது என்று எனக்குள் ஒரு கெட்டித்தன நினைப்பு.

மின்விசிறியை நிறுத்தினேன். யன்னல்களைச் சாத்தச் சொன்னேன். மேசையில் குப்பியைத் திறந்து வைத்து, மணம் வந்ததும் கையை உயர்த்துங்கள் என்றேன். முதல் வரிசையில் கைகள் எழும்பின. அடுத்த வரிசை, அதற்கு அடுத்த வரிசை என்று கைகள் பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும். எத்தனை வருடம் செய்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. துணிக்கைகள் நடந்து போகும் பாதை வகுப்பில் அப்படியே தெரியும்.

இரண்டாம் வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் கையை உயர்த்தவில்லை. கடைசி வரிசைக்காரர்களும் உயர்த்திவிட்டார்கள். இவள் பர்தாவின் நுனியை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு முகம் சிவக்க இருந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது.

"என்ன, தடிமனா? மூக்கடைப்பா?"

"இல்ல டீச்சர்" என்று மூச்சை விட்டாள். பிறகு எழும்பி நின்றாள். அமைதியான பிள்ளை. கேள்வி கேட்டு நான் அதுவரை கண்டதில்லை. "டீச்சர், மணமெண்டாலும் துணிக்கைதானே?"

"ஓம்."

"மணக்குதெண்டா அந்தச் சாமானில கொஞ்சம் எங்கட மூக்குக்குள்ள வந்திட்டுது எண்டுதானே அர்த்தம்?"

"ஓம். வராட்டி மணக்காது."

"அப்ப அது உள்ளுக்கும் போகுது."

"கொஞ்சம் போகும்தான்" என்றேன். நல்ல கேள்வி என்று வகுப்புக்கு முன்னால் பாராட்டியும் வைத்தேன். அவள் பாராட்டைக் கேட்ட மாதிரியே இல்லை. எதையோ யோசித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது எனக்கு இருந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது? துணிக்கை, துணிக்கை என்று தொண்டை வறளக் கத்துகிறேன். பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள், பரீட்சைத் தாளில் கொட்டுகிறார்கள், மறந்துபோகிறார்கள். இவள் ஒருத்தி நம்பிவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று குப்பியிலிருந்து கிளம்பித் தன் மூக்குவரை வந்தது என்று மெய்யாகவே நம்பிவிட்டாள். இது போதும் என்று இருந்தது. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப சாப்பாட்டுக் கடை வாசல்ல நிண்டு மணந்தா எனக்குப் பாதி வயிறு நிறைஞ்சிடும்" என்றார்.

இரண்டு நாள் கழித்து, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளையின் உம்மா வந்து வாசலில் நின்றா. கணவர் கடலுக்குப் போகிறவர். இவ நோன்பு மாதத்தில் பின்னேரம் வாடாவும் சமோசாவும் ரோல்ஸும் பொரித்துப் பாதையோரம் ஒரு மேசை போட்டு விற்கிறா. ஊரில் பாதிப்பேர் நோன்பு திறப்பது இவவின் கைப் பலகாரத்தில்தான். எனக்கும் சில தடவை பொதி கட்டித் தந்திருக்கிறா. அன்றைக்கு முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

நான் வெளியே போனேன். மகளையும் கூப்பிடச் சொன்னா.

"டீச்சர், நீங்க இவளுக்கு என்னத்தப் படிச்சுக் குடுத்தீங்க?"

"ஏன், என்ன நடந்தது?"

"என்ட நோன்பெல்லாம் போயிட்டுதாம். இந்த வருசத்து நோன்பு மட்டுமில்ல, இவ்வளவு காலமும் புடிச்ச எல்லா நோன்பும். சட்டிக்கு முன்னால நிண்டு பொரிக்கக்குள்ள மணம் உள்ளுக்குப் போகுதாம், மணமெண்டா அந்த வாடாவேதானாம். நான் ஒவ்வொரு நாளும் நோன்போட நிண்டு வாடா திண்டிருக்கனாம். மூஞ்சப் பாத்துச் சொல்லுறா!"

பிள்ளை குனிந்துகொண்டு நின்றாள்.

உம்மாவின் குரல் இறங்கியது. "நான் குமரான நாளில இருந்து நோன்பு விட்டதில்ல டீச்சர். பொம்புளைகளுக்கு விட வேண்டி வாற நாளுகள் இருக்குதானே, அதக்கூட பெருநாளுக்குப் பிறகு ஒண்டும் மிச்சமில்லாமத் திருப்பிப் புடிச்சிருவன். எனக்கு ஹஜ்ஜுக்குப் போக வசதியில்ல. பெரிசா ஸதகா, தானதருமம் குடுக்கவும் இல்ல. அல்லாட்ட கொண்டு போகிறதுக்கு எனக்கிட்ட இருக்கிறது இந்த நோன்பு மட்டும்தான். ராவெல்லாம் நித்திரையில்ல. மணமெண்டா சும்மா மணம்தான், வேற ஒண்டுமில்ல எண்டு இவளுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பா."

ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் அந்த மனுசி நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பா. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சொல்வதை நம்புகிறவள், இப்போது பொய் சொன்னாலும் நம்புவாள். பிறகு நான் அவளுக்கு எந்த முகத்தோடு விஞ்ஞானம் படிப்பிப்பது? மறுபக்கம், நோன்பு முறியும், முறியாது என்று சொல்ல நான் யார்? எங்கள் ஊரில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு விரதம் பிடிக்கிறவள் நான். விரதத்தோடு வீட்டாருக்குச் சமைத்துப் போட்டு, தாளிதம் மணக்க மணக்க நின்றவள்தான். அந்த விரதமெல்லாம் கணக்கில் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனால் என் விரதத்தின் நியாயத்தை இவவின் நோன்புக்குச் சொல்ல முடியாது.

"மணம் உள்ளுக்குப் போறது மெய்தான்" என்றேன். உம்மாவின் முகம் செத்துப்போனது. "ஆனா அதால நோன்பு முறியுமா எண்டது என்ட பாடமில்ல. அதுக்குரியவரிட்டப் போவம், வாங்க."

என்னைப் போலவே மேலதிக வகுப்புக்கு வருகிற, இஸ்லாம் பாடம் படிப்பிக்கிற மௌலவி ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் குறைந்தவர், எதையும் சட்டென்று சொல்லிவிடாத மனுசன். நான் என் பாடத்தைச் சொன்னேன். உம்மா தன் வழக்கைச் சொன்னா. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார். முதலில் என்னிடம்.

"டீச்சர், போறதெண்டா எவ்வளவு போகும்? கையில எடுக்கலாமா?"

"ஏலாது. கண்ணுக்குத் தெரியாது. நாளெல்லாம் மணந்தாலும் நாக்கில ஒரு ருசிக்கும் காணாது. ஆனா இல்ல எண்டு சொல்ல மாட்டன்."

"இல்ல எண்டு சொல்ல வேணாம்" என்றார். பிறகு உம்மாவிடம், "ராத்தா, நீங்க வேணுமெண்டு மூக்க சட்டிக்குக் கிட்டக் கொண்டுபோய் இழுக்கிறதா?"

"அல்லாஹ்வே! எண்ணெ தெறிச்சிக் கண்ணு போயிரும்!"

மௌலவி சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன். உம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை, பதிலுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா.

"மணத்தால நோன்பு முறியாது" என்றார் மௌலவி. "புகைய வேணுமெண்டு உள்ளுக்கு இழுத்தா அது வேற கதை. தானா வந்து போறதுக்குக் குத்தமில்ல. ரோட்டால நடக்கக்குள்ள தூசி தொண்டைக்குள்ள போகுது. மாவு அரிக்கக்குள்ள மா பறந்து போகுது. அதுகள் மணத்தவிடப் பெரிய சாமான், கண்ணாலயே தெரியும். அதால நோன்பு முறியாதெண்டு எங்கட கிதாபுகள்ல அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கு. உங்கட நோன்பு உங்களுக்கு இருக்கு ராத்தா. ஒண்டும் போகல்ல."

எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பெரிய மனுசர், மாவரிக்கிற ஒரு பெண்ணின் தொண்டையை நினைத்து, அவள் பயப்படக் கூடாதென்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார். துணிக்கை உள்ளே போகிறது என்பதையும் அவர் மறுக்கவில்லை. இந்த இடத்தில் என் பாடமும் அவர் பாடமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவில்லை என்பது எனக்குச் சொல்ல முடியாத ஆறுதல்.

உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக் கதிரையில் இருந்துவிட்டா. கண்ணைத் துடைத்தா. ஆறுதல் வந்ததும் கோபமும் கூடவே வந்தது. மகளின் பக்கம் திரும்பினா.

"கேட்டியா? பெத்த உம்மாட நோன்ப இல்லையெண்டு சொல்ல உனக்கு எப்பிடி மனசு வந்திச்சி? இந்த ஹஸரத்திட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்தானே?"

மௌலவி அவளை உற்றுப் பார்த்தார்.

"இவ கேட்டவதான்" என்றார் மெதுவாக. "முந்தநாள் வகுப்பு முடிஞ்சி வந்து கேட்டா. வேற கேள்வி. ஒரு உம்மாட நோன்பு பழுதாப் போனா, அத மகள் கழா செய்யலாமா எண்டு."

கழா என்றால் தவறிய நோன்பைப் பின்னொரு நாளில் பிடித்து ஈடு செய்வது. மௌலவி என்னைப் பார்த்துத் தொடர்ந்தார். "உம்மாவுக்குச் சுகமில்லையாக்கும் எண்டு நினைச்சன். உசிரோட இருக்கிறவங்கட நோன்ப வேற ஆள் புடிக்க ஏலாது மகள், அவங்களேதான் புடிக்கணும் எண்டு சொல்லி அனுப்பினன். எவ்வளவு நோன்பு எண்டு கேட்டதுக்கு, நிறைய ஹஸரத் எண்டு மட்டும் சொன்னா."

முந்தநாள் என்றால், ஒரு குப்பி அத்தரைத் திறந்து வைத்துவிட்டு நான் பஸ்ஸில் சந்தோசமாகப் போன நாள் அது. இவள் அன்றைக்கு உம்மாவின் ஆயுள்கால நோன்பு முழுவதையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மௌலவியிடம் போயிருக்கிறாள். அவர் முடியாது என்ற பிறகுதான் உம்மாவிடம் வாயைத் திறந்திருக்கிறாள்.

"முடியாதெண்டு சொன்னா வுட வேண்டியதுதானே. ஏன் எனக்கிட்ட வந்து சொன்ன?" என்று கேட்டா உம்மா. குரலில் இப்போது கோபம் இல்லை.

"நீங்கதான் புடிக்கணும் எண்டு சொன்னாங்க" என்றாள் பிள்ளை. அழுகையை அடக்கியதில் சொல் உடைந்து உடைந்து வந்தது. "இப்பயே தொடங்கினாத்தானே உம்மா முடியும். அதான் சொன்னன். நீங்க புடிக்கிற நாளெல்லாம் நானும் கூடப் புடிக்கிறதெண்டு மனசில நிய்யத் வச்சிட்டன். அவ்வளவையும் தனியா எப்பிடிப் புடிப்பீங்க?"

உம்மா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு எழும்பி, அழுததில் ஒரு பக்கம் நழுவியிருந்த மகளின் பர்தாவை இழுத்துச் சரியாக்கி, ஊசியைக் கழற்றித் திரும்பக் குத்திவிட்டா. சரியாக இருந்ததை மறுபடியும் கழற்றிக் குத்தினா. மௌலவி விடைத்தாள் பக்கம் குனிந்துகொண்டார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வகுப்பு முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வா" என்று உம்மா சொல்வது கேட்டது. "வெங்காயம் உரிக்கக் கிடக்கு. தனியா ஏலாது எனக்கு."