ஏழாம் எண் கேள்வி

பதினெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். கடைசி சீட்டில் குறட்டை விடுகிறவரையும் எழுப்பிவிடும் குரல். அதை நம்பித்தான் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். நாடாளுமன்றத்தில் பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்ததும் அந்தக் குரல் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. மூன்று வருஷமாக அவர் செய்ததெல்லாம் மற்றவர்கள் பேசும்போது மேஜையைத் தட்டியதுதான்.

அவருடைய அக்கா, தொகுதி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். அங்கே மயக்க மருந்து டாக்டர் கிடையாது. ஆபரேஷன் என்றால் மூன்று மணி நேரம் ஆம்புலன்ஸில் போக வேண்டும். அப்படிப் போன ஒரு பெண் வழியிலேயே கண்ணை மூடிவிட்டாள். அக்கா விவரமெல்லாம் எழுதிக் கொடுக்க, அவர் கேள்வியாக்கி அனுப்பினார். அதிசயமாகக் குலுக்கலில் ஏழாம் எண்ணாக விழுந்தது. இனி அமைச்சர் சபையில் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். அக்கா லீவு போட்டுவிட்டு வந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தாள்.

அன்று காலையில்தான் கட்சிக் கொறடா இவர் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். நம்ம அமைச்சரையே சந்தி சிரிக்க வைக்கலாமா, அடுத்த தடவை நிற்கிற எண்ணமில்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

சபாநாயகர் ஏழாம் எண்ணை அழைத்தார். இவர் எழுந்து, "கேள்வியைக் கைவிடுகிறேன்" என்றார். சொந்தக் கட்சிக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். இவர் மாடத்தின் பக்கம் தலையைத் தூக்கவே இல்லை.

வெளியே படிக்கட்டில் அக்கா நின்றிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"அந்தப் பொண்ணோட புருஷன்கிட்ட, என் தம்பி இன்னிக்குக் கேப்பான்னு சொல்லிட்டு வந்தேன்டா. இப்பப் போய் என்ன சொல்லட்டும்?"

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. பட்ஜெட் விவாதத்தில் மூன்று நிமிஷம் கிடைத்தது. அமைச்சரைப் புகழ்ந்து கட்சி எழுதிக் கொடுத்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினார். செத்துப்போன பெண்ணின் வயதைச் சொன்னார். பயந்துபோய்க் கேள்வியைக் கைவிட்டதையும் சொல்லத்தான் நினைத்தார்; அது மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இரண்டு மாதத்தில் டாக்டர் வந்தார், வாரத்துக்கு இரண்டே நாள். அடுத்த தேர்தலில் கட்சி இவரை நிறுத்தவில்லை. எங்களுக்காகப் பதவியையே இழந்த மனுஷன் என்று ஊர் பாராட்டியது. ஒவ்வொரு பாராட்டும் முள்ளாகக் குத்தியது.

ஒருநாள் அந்தப் பெண்ணின் புருஷன் வீடு தேடி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டான். இவரால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, முதல் தடவை நான் கேக்காம உக்காந்துட்டேன்."

"தெரியுங்க. அக்கா அன்னிக்கே சொல்லிட்டாங்க."

அவன் கையை விடவில்லை. இவர் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.