செக்போஸ்ட் கண்காட்சி

தொண்ணூறுகளில் நான் மைசூரில் ஒரு வன அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஹனூர் பக்கத்து மலையைச் சேர்ந்த ஒரு சோலிகப் பழங்குடிப் பெண் ஊரில் அக்ரஹாரப் பகுதிக் கூடம் ஒன்றில் வீடியோக் கண்காட்சி வைத்திருப்பதாகவும், அதில் எங்களைத் திட்டுவதாகவும் அதிகாரிக்குச் செய்தி வந்தது. பார்த்துவிட்டு வந்து எழுதிக் கொடு என்று என்னை அனுப்பினார். எனக்கு எரிச்சல்தான். கலைக்கும் எனக்கும் வெகுதூரம்.

கூடத்தின் வாசலில் மூங்கில் தடுப்பைக் குறுக்கே போட்டு, காட்டுச் செக்போஸ்ட் மாதிரியே செய்திருந்தார் அந்தப் பெண். உள்ளே ஒரு டிவி ஓடியது. அதில் ஒரு முகம்கூட இல்லை. மூட்டை அவிழ்க்கும் கைகள் மட்டும். நெல்லிக்காய் வந்தது, கிழங்கு வந்தது, தேன் வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு காக்கிச் சட்டைக் கை நீண்டு எடுத்துக்கொண்டது. திட்டு எதுவும் இல்லை. எழுத ஒன்றுமில்லை என்று கிளம்பினேன்.

தடுப்பருகே அந்தப் பெண்ணே நோட்டுடன் நின்றிருந்தார். "பையத் தொறங்க சார்."

"நான் யாருன்னு தெரியுமா? ஃபாரஸ்ட் ஆபீஸ்."

"யாரா இருந்தாலும் வெளிய போறப்ப காட்டோணுமுங்க. எங்களுக்கும் அப்படித்தானுங்க."

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். திறந்தேன். டிபன் பாக்ஸும் குடையும் இருந்தன. கூடவே ஒரு பாட்டில் மலைத்தேன். செக்போஸ்ட்டில் பறிமுதல் செய்ததை அன்று காலைதான் அலுவலகத்தில் பங்கு போட்டிருந்தோம்.

அவர் அதைத் தொடவில்லை. 'தேன், ஒரு பாட்டில்' என்று நோட்டில் எழுதினார்.

"எங்கிருந்துங்க சார்?"

நான் பையை மூடினேன். 'எங்கிருந்து' என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, நோட்டை என் பக்கம் திருப்பினார். நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தடுப்பைத் தூக்கினார்.