வாயில் வராத பெயர்

எங்கள் ஊர் கச்சிராயபாளையம் பக்கம். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலத்தில், புளியமரத்தை வெட்டி ரோட்டில் தள்ளினார் என்று என் வீட்டுக்காரரைத் தடுப்புக் காவலில் கொண்டுபோனார்கள். கூட்டத்துக்குப் போவார், கோஷம் போடுவார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அன்று எங்கள் தண்ணீர் முறை. அவர் மடை திருப்பிக்கொண்டிருந்தார். நான் கரும்பில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தேன்.

அறிவுரைக் கழகம் என்று மூன்று பேர் சென்னையில் விசாரிப்பார்கள், அவர்கள் சரியென்றால் ஒரு வருஷம் உள்ளேதான் என்றார் கள்ளக்குறிச்சி வக்கீல். அங்கே வக்கீல் பேச முடியாதாம். வக்கீல் அல்லாத வேண்டியவர் ஒருவர் கூட நின்று பேசலாமாம். மேடையில் முழங்கிய ஆண்களுக்கெல்லாம் அன்று பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. நானே போகிறேன் என்றேன். தண்ணீர் முறையைப் பற்றி எப்படிப் பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்த வக்கீல் வாசலோடு நின்றுவிட்டார்.

உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இளைத்துக் கறுத்து நின்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நடுவில் இருந்த நீதிபதி, யாருக்காகப் பேச வந்திருக்கிறாய், பெயரைச் சொல் என்றார். கட்டினவர் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன். திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த நிலையிலும் இந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார்.

எரிச்சலோடு நீதிபதி குற்றச்சாட்டைப் படித்தார். போலீஸைக் கண்டதும் மனைவி இவர் பெயரைச் சொல்லிக் கூவி ஓடச் சொன்னாராம். அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்களாம்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ. "ஐயா, கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து அந்தப் பேரு என் வாயில வந்ததில்லீங்க. இப்ப அவர வுடுறதுக்கு நீங்க கேட்டே வரல. ரோட்டுல நின்னு கூவனேன்னு எழுதி வச்சிக்கிறாங்களே, இன்னா நாயம்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பின் அவரையும் பேசச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார்கள். கரும்பு வெட்டுக்கு முன்பே விட்டுவிட்டார்கள்.

கடலூர் ஜெயிலிலிருந்து அவரைக் கூட்டிவந்த பஸ் பயணத்தை இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கிறது. திருக்கோவிலூரில் பஸ் நின்றபோது வேர்க்கடலை வாங்கித் தந்து, ஜட்ஜையே மடக்கின வாய் ஒரு தடவை என் பெயரைச் சொல்லக் கூடாதா என்று கெஞ்சினார். போங்க மாமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் ஆயுசுக்கும் அதே கிண்டல்தான். நானும் மசியவில்லை.

போன வருஷம் வாரிசு சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் போனேன். இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். காதில் விழவில்லை, சத்தமாகச் சொல்லுங்கம்மா என்றார்கள். சத்தமாகவே சொன்னேன். இனிமேல் குறைவதற்கு ஆயுசு இல்லை.