பங்காளி மடையை அடைத்த காலை

கொழும்பில் கடை வைத்திருந்த என் மைத்துனர் எழுபதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பியபோது, எனக்கொரு ரேடியோ கொண்டுவருவார் என்று நினைத்திருந்தேன். புத்தர் சொன்னவற்றைத் தமிழில் தந்த தடித்த புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்.

"தெனமும் ஒரு பக்கம் சத்தமாப் படியுங்க மாப்பிள்ளை. புரியலீன்னாலும் உட்டறாதீங்க. உங்க கோவத்துக்கு நல்லது."

என் கோபம் கடல் தாண்டியும் பேசப்பட்டிருக்கிறது என்பதில் எனக்குச் சற்றுப் பெருமைகூட இருந்தது.

சித்தூருக்குக் கிழக்கே எங்கள் பூமி. விடிந்ததும் மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு ஒரு பக்கம் படிப்பேன். மூச்சு விடும்போது விடுகிறோம் என்று அறி, நடக்கும்போது நடக்கிறோம் என்று அறி என்றே திரும்பத் திரும்ப வந்தது. இது தெரியாதவன் யார் என்று முதல் வருடம் சிரிப்பாக இருந்தது.

என் மனைவிக்கு என்னைச் சோதிப்பதே பொழுதுபோக்கு. சர்க்கரை போடாத காப்பியைக் கொடுத்து, நான் குடித்து முடித்தபின், "ஏனுங்க, இனிப்புப் போதுங்களா?" என்பாள். "போதும் புள்ள" என்பேன். உள்ளே போய்ச் சிரிப்பாள். மூன்றாம் வருடம் முதல் மடக்கிலேயே டம்ளரைக் கீழே வைத்தேன். அன்று அவள் உப்புப் போட்டிருந்தாள் என்பதால், அதைப் பெரிய முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் என் சத்தம் குறைந்துகொண்டு வந்தது. அடுத்த வயல்காரர் என் பங்காளி, தம்பி முறை. அவர் இதை நம்பவில்லை. "அண்ணனுக்குக் கோவம் போகலீங்க, ஒளிஞ்சிருக்குதுங்க" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். இருவரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு கோடைக் காலை, எங்கள் தண்ணீர் முறை. பாய்ந்துகொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றது. மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போனேன். என் மடையைச் சேற்றால் அடைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார் பங்காளி.

"என்னப்பா இது?"

"தண்ணி எனக்கு வேணுமுங்ணா. நீங்க போய்ப் புத்தகம் படியுங்க."

காது சூடாவது தெரிந்தது. மூச்சு முட்டுவது தெரிந்தது. மண்வெட்டிப் பிடியை விரல்கள் நெரிப்பது தெரிந்தது. அப்படித் தெரிந்துகொண்டு நின்ற நேரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. பங்காளியின் வயல் காய்ந்து கிடந்தது. அவருடைய மடையும் அடைத்தே இருந்தது. தண்ணீர் யாருக்கும் இல்லாமல் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. வரப்போரத்து ஆமணக்குச் செடிக்குப் பின்னால் என் மனைவியின் பச்சைச் சேலை.

வரப்பில் உட்கார்ந்தேன். "தம்பி, உன்ர மடையத் தொறக்க மறந்துட்டியே. போய்த் தொற, நான் இருக்கறேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஒரு வார்த்தை திட்டுனா என்னங்ணா? காத்தால இருந்து சேத்துல நிக்கறனுங்கல்ல! மனுசனுக்கு ஒரு கோவம்கூட வராதுங்களா?"

கத்தியபடியே சேற்றை அள்ளி வீசினார். அது நேராக ஆமணக்குச் செடிக்குள் போனது. முகமெல்லாம் சேறாக என் மனைவி எழுந்தாள். "கண்ணு தெரியுதுங்களா உங்களுக்கு?" என்று அவர்மேல் பாய்ந்தாள். இருவரையும் சமாதானப்படுத்துவதற்குள் என் தண்ணீர் முறையில் பாதி போய்விட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்: "நெசமாலுமே கோவம் வரலீங்களா?"

"வந்துது புள்ள. வர்றது தெரிஞ்சுது. அவ்வளவுதான்."

"அது தெரியறதுக்கு இத்தன வருசமுங்களா?"

மறுநாள் காலை எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "சத்தமாப் படிங்க. அது எந்தப் பக்கத்துல இருக்குதுன்னு பாக்கறேன்."

அன்றைய பக்கத்தில் முடி, நகம், பல், தோல் என்று உடம்பின் உறுப்புகள் வரிசையாக இருந்தன. படித்து முடித்தேன்.

"இதுங்களா?" என்றாள்.

"இதுவுந்தான்" என்றேன்.