என் பிடியில் இருந்தவர்

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வரை படித்த முதல் ஆள் நான். ஜூடோவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். கறுப்பு பெல்ட் வாங்கிய தைரியத்தில் செய்த ஒரு தவறை எழுதுகிறேன்.

ஞாயிறு மதியம், லிட்டில் இந்தியாவில் ஒரு காப்பிக்கடை. இங்குள்ள வழக்கப்படி, இடம் பிடிக்க மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போன ஒருவர் திரும்பி வந்தபோது, அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

“டிஷ்யூ வெச்சிருந்தேனே, கண்ணு தெரியலையா?”

“அதுல உன் பேரு எழுதியிருக்கா லா?”

பேச்சு முற்றி, டிஷ்யூக்காரர் கையை ஓங்கினார். நான் பின்னாலிருந்து அவர் கைகள் இரண்டையும் மடக்கிப் பிடித்தேன்.

“தங்கச்சி, விடும்மா. அவன் கிளாஸைத் தூக்குறான்.”

“சும்மா இருங்கண்ணே,” என்றேன். தப்பிக்கப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் முதுகு மறைத்ததால் எனக்கு எதிரே எதுவும் தெரியவில்லை.

அவர் விரல்கள் பதறி என் கையைப் படபடவென்று தட்டின. ஜூடோவில் எதிராளி தட்டினால் உடனே விட வேண்டும். பழக்கத்தில் விட்டுவிட்டேன். அவர் என்னையும் இழுத்துக்கொண்டு குனிந்தார். தடித்த தேநீர்க் கிளாஸ் எங்கள் தலைக்கு மேலே பறந்து தூணில் நொறுங்கியது.

அதற்குள் மற்றவர்கள் எறிந்தவரைப் பிடித்துவிட்டார்கள். டிஷ்யூக்காரர் என்னைத் திட்டவில்லை. “கண்ணு தப்பிச்சது,” என்று மட்டும் சொன்னார்.

இப்போதும் சண்டையை விலக்கப் போகிறேன். ஆனால் இருவரையும் பார்க்கும்படி பக்கவாட்டில் நின்று பேசுகிறேன். பிடித்தே ஆகவேண்டும் என்றால், பிடிபட்டவர் ‘விடு’ என்றதும் விட்டுவிடுகிறேன். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.